எழுமூர், எழும்பூர், எக்மோர்

எழும்பூர், எக்மோர் என்னும் இரண்டில் எது பழைய பெயர் என்று கேட்டால் கேட்டவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். எழும்பூர் தமிழ், எக்மோர் என்பது ழகரம் வராத வெள்ளைக்காரர் நாவில் அகப்பட்டு நசுங்கிய வடிவம், இதில் ஐயம் என்ன? சென்னையின் ஊர்ப்பெயர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அளவில் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள். சொல்லின்மேல் காதல் கொண்ட நாம் அப்படிப் போக வேண்டியதில்லை. எக்மோர் என்பதைக் கையிலெடுத்து, வாலிலிருந்து தலை நோக்கி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம்.

கடைசியில் நிற்பது மோர். நீர் ஊற்றிக் கரைக்கிற மோருக்கும் இதற்கும் உறவில்லை. வேலூர், நெல்லூர், தஞ்சாவூர், மைசூர் ஆகிய ஊர்களை ஆங்கிலேயர் எழுதிய எழுத்தைப் பார்த்தவர்களுக்கு, நம் ஊகார ஊர் அவர்கள் ஏட்டில் ஓகாரமாகத் திரிந்து வெல்லோர், நெல்லோர், தஞ்சோர், மைசோர் என்று நிற்பது பழகியிருக்கும். ஆகவே மோரின் ஓகாரத்தைத் திருப்பி ஊகாரமாக்கினால் நமக்குக் கிடைப்பது மூர். இங்கேதான் சற்று நிற்க வேண்டும். கிடைப்பது மூர்; ம்பூர் இல்லை. எழும்பூரில் மகரத்துக்கும் ஊருக்கும் நடுவே கனத்து நிற்கும் பகரம் எக்மோரில் இல்லை. ஆங்கில நாக்கு அதை விழுங்கியிருக்கும் என்று சொல்லித் தப்ப முடியாது. கோயம்புத்தூரை எத்தனையோ விதமாகச் சிதைத்தவர்கள் அதிலுள்ள ம்ப-வைத் தொடவில்லை. கோயம்பட்டோர் என்றே எழுதினார்கள். பெரம்பூரிலும் கும்பகோணத்திலும் அது பத்திரமாகவே இருக்கிறது. ம்ப என்னும் ஒலிக்கூட்டு அவர்கள் மொழியிலேயே ஏராளம். அதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு தொல்லையும் கிடையாது. எனில் எக்மோர் என்று முதலில் எழுதியவன் காதில் விழுந்த சொல்லிலேயே பகரம் இல்லை. அவன் கேட்டது எழுமூர்.

எழுமூர் என்பதே பழைய பெயர். சோழர் காலக் கல்வெட்டு வழக்கில் எழுமூர் நாடு என்று ஒரு நாட்டுப் பிரிவே இருந்தது. நாடு என்றால் இக்காலப் பொருளில் இல்லை, பல ஊர்கள் அடங்கிய ஆட்சிப் பகுதி. சென்னப்பட்டினம் என்றொரு பெயரே பிறவாத காலத்தில், தன்னைச் சுற்றிய சிற்றூர்களுக்கெல்லாம் தன் பெயரைக் கொடுத்த தலைமை ஊர் அது. பின்னால் 1693-இல் கிழக்கிந்தியக் கும்பெனியார் புரசைவாக்கத்தையும் தண்டையார்ப்பேட்டையையும் இதனோடு சேர்த்துப் பெற்றபோது, நாட்டுக்குத் தலையாயிருந்த ஊர் கோட்டைக்குப் புறத்தே கிடக்கும் மூன்று சிற்றூர்களில் ஒன்றாகிவிட்டது. ஆயினும் பெயர் பிழைத்துக்கொண்டது. தமிழ் வழக்கில் எழுமூர் பைய எழும்பூராக மாறிக்கொண்டிருந்த வேளையில், கும்பெனிக் கணக்கேட்டில் ஏறிவிட்ட பிறமொழி வடிவம் பழைய ஒலியை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. சிதைவு என்று நாம் கைவிடுகிற சொல்லுக்குள், நாமே மறந்துவிட்ட தமிழ் வடிவம் பூச்சி அகப்பட்ட பிசின்போல உறைந்து கிடக்கிறது.

இனி எழுமூரைப் பிரிப்போம். எழும் என்னும் பெயரெச்சமும் ஊரும் சேர்ந்தால் மகர மெய்யின்மேல் ஊகாரம் ஏறி எழுமூர் ஆகும். தோன்றலோ திரிதலோ கெடுதலோ எதுவும் வேண்டாத புணர்ச்சி. எழும்பூரோ எழும்பு என்னும் வினையடியோடு ஊர் சேர்ந்த வினைத்தொகை. குற்றியலுகரம் கெட்டுப் பகரத்தின்மேல் ஊகாரம் ஏறுகிறது. இதிலும் குறை காண முடியாது. ஒரே ஊருக்கு இருவேறு காலத்தில் இருவேறு இலக்கண வழியில் பெயர் அமைந்தும் பொருள் மாறவில்லை என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிற செய்தி. ஏழு ஊர்கள் சேர்ந்ததால் எழும்பூர் என்று சொல்வாரும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சொல் இடம் தரவில்லை. ஏழு என்னும் எண் எழுபது, எழுநூறு என்று வன்மெய்க்கும் மென்மெய்க்கும் முன் குறுகும். உயிர்க்கு முன் நெடிலாகவே நிற்கும். திருவையாற்றை முதலாகக் கொண்ட ஏழு தலங்களுக்கும் இறைவன் பல்லக்கில் உலா வரும் விழாவை அவ்வட்டார மக்கள் ஏழூர் என்றுதான் சொல்கிறார்கள். எழுமூர் என்று யாரும் சொன்னதில்லை. தவிர, அந்த நடுமகரத்துக்கு எண்ணுப்பெயர்க் கொள்கையில் கணக்கே கிடையாது.

எழு என்பது தமிழின் பெருங்குடும்பங்களில் ஒன்று. எழுச்சி, எழில், எழுவாய் எல்லாம் அதன் பிள்ளைகள். வானில் எழுகின்ற முகிலுக்கு எழிலி என்று பெயர். எழுத்து என்னும் சொல்லை எழுதப்படுவது என்றும் எழுப்பப்படுவது என்றும் இரு வகையாக விரித்து நம் முன்னோர் ஆய்ந்ததையும் நினைத்துக்கொள்ளலாம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கிடக்கும் நிலம் எழுவான்கரை, மேற்கே கிடப்பது படுவான்கரை; கதிரவன் எழுகிற பக்கமும் படுகிற பக்கமும் என்று ஒரு முழு வட்டாரமே ஞாயிற்றைக் கொண்டு தன்னைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டு, எழுமூரும் கதிரவன் எழும் ஊராகத்தான் இருக்கும் என்று சொல்ல ஆசை பிறக்கும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் கடலோரம் இருக்க, அவற்றுக்கு உள்நாட்டுப் பக்கம் தள்ளிக் கிடக்கும் ஊருக்கு மட்டும் அப்பெயர் வாய்த்தது ஏன் என்ற கேள்வி குறுக்கே வருகிறது. பக்கத்து ஊர்களைப் பார்த்தால், புரசமரத்தால் புரசைவாக்கம், வேம்பும் ஏரியும் சேர்ந்து வேப்பேரி என்று நிலத்தையும் மரத்தையும் நீரையும் கொண்டே பெயர்கள் அமைந்திருக்கின்றன. கூவம் ஆற்றின் தாழ்ந்த கரையிலிருந்து நிலம் எழும் இடம் என்று கொள்வதே அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகும் பொருள் என்பது என் கருத்து.

பகரம் எப்படி நுழைந்தது? எழு என்பதற்குப் பக்கத்திலேயே எழும்பு என்றொரு வினை நம்மிடம் உண்டு; திரியும் திரும்பும், குழையும் குழம்பும் போல இதுவும் ஓர் இணை. மகரத்தை அடுத்து உதடு பிரியும்போது பகரம் பிறப்பது வாய்க்கு இயல்பு. அதோடு சுற்றிலும் பெரம்பூர், மயிலாப்பூர் என்று பூரில் முடியும் ஊர்கள் ஒலித்துக்கொண்டிருக்கையில், மூரில் முடிந்த ஒன்று நாளடைவில் அவற்றோடு சேர்ந்து பாடத் தொடங்கியதில் வியப்பில்லை.

தலைப்பகுதிக்கு வருவோம். எழு எப்படி எக் ஆனது? ழகரத்தைச் சொல்ல வராத அயலார் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கிட்டியதைக் கொண்டு அதைச் சமாளித்தார்கள். சோழமண்டலம் கோரமண்டல் ஆனபோது ழகரம் ரகரமாயிற்று. பழவேற்காடு புலிக்காட் ஆனபோது லகரமாயிற்று, கோழிக்கோட்டிலும் அப்படியே. நம் மொழியின் பெயரே அவர்கள் எழுத்தில் லகரத்தோடுதான் முடிகிறது. சென்னைத் தெருப்பேச்சிலோ பழம் பயமாகவும் மழை மயையாகவும் யகரம் பெற்றுவிடும். ஆக உள்ளூர்க்காரரே ழகரத்தைக் கைவிட்ட நகரம் இது, அயலாரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எழுமூரில் மட்டும் லகரமும் ரகரமும் வராமல் ககரம் வந்தது விந்தை. என் ஊகம் இது: எழுத்தில் வடித்த முதல் ஆள், ழகரத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்ததாகத் தன் காதுக்குப் பட்ட மெல்லிய ஜகரச் சாயல் ஒலிக்கு, ஆங்கில அரிச்சுவடியின் ஏழாம் எழுத்தை இட்டிருக்கிறான். அந்த எழுத்துக்கு அவர்கள் மொழியில் மெல்லொலியும் உண்டு, வல்லொலியும் உண்டு. நடுவில் இருந்த உகரம் தேய்ந்து மகரம் நேரே வந்து ஒட்டிக்கொண்டதும், ஊரையே பார்த்திராத அடுத்த எழுத்தன் அதை வல்லொலியாகப் படித்துவிட்டான். காதால் கேட்டவன் ஒருவன், கண்ணால் படித்தவன் வேறொருவன். பிறகு நாமும் கண்ணால் படித்தோம்; எக்மோர் என்று ககர மெய்யை மகரத்தோடு மோதவிட்டு எழுதுகிறோம். ககர மெய் தன்னோடு தான் மயங்குமேயன்றி மகரத்தோடு மயங்குவதைத் தமிழ் ஒப்புக்கொள்ளாது. அயலார் வாங்கிப்போன தமிழ்ச்சொல் திரும்பி வரும்போது தமிழ் விதிக்கு உட்படாத அயற்சொல்லாய் வந்து சேர்ந்தது.

இந்த ழகர விளையாட்டு எழும்பூர் இரயில் நிலையம் எழுந்த நிலத்திலும் தொடர்கிறது. தென்னிந்திய இரயில்வே கும்பெனி தன் பெரிய முனையத்தைக் கட்ட எழும்பூரில் நிலம் தேடியபோது, வேண்டிய இடத்தில் ஒரு பகுதி மருத்துவர் ஒருவருடையதாக இருந்தது. அவர் பெயரை ஆங்கில ஏடுகள் எஸ். புல்னி ஆண்டி என்று எழுதும். பிரித்தானியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியராகக் கருதப்படுபவர் இவர். பெயரை ஆங்கில எழுத்தில் படிக்கிற பலர் அவரை வெள்ளைக்காரர் என்றே நினைத்துக்கொண்டதும் உண்டு! உண்மையில் அவர் நம் பழனியாண்டி. பழனி மலைத்தொடரையும் அக்காலத்தார் புல்னி என்றே எழுதினார்கள். விற்கத் தயங்கிய அவரிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு அந்நிலம் வாங்கப்பட்டது. பழனியின் ழகரம் லகரமாகவும் எழுமூரின் ழகரம் ககரமாகவும் ஆகி, அடையாளம் தெரியாத இரண்டு ழகரங்கள் ஒரே நிலப்பத்திரத்தில் சந்தித்துக்கொண்டன.

கட்டட வேலை 1905-இல் தொடங்கி, 1908 ஜூன் 11 அன்று நிலையம் திறக்கப்பட்டது. செலவு ஏறக்குறைய 17 லட்சம் ரூபாய். ஹென்றி இர்வின் வரைந்த வடிவம். சென்னை உயர்நீதிமன்றத்திலும் மைசூர் அரண்மனையிலும் கைவைத்த அதே இர்வின். செந்நிறமும் வெண்ணிறமும் மாறிமாறி வர, மாடங்களும் வளைவுகளும் நடுவே குவிமாடமுமாக எழுப்பினார்கள். எழுப்பினார்கள் என்ற சொல்லை நான் தேடிப் போகவில்லை. சுவரையும் கட்டடத்தையும் தமிழில் வேறெப்படிச் சொல்வது? எழும்பு தன்வினை, எழுப்பு பிறவினை, எழும்பூரில் எழுப்பியது. நிலையத்தின் வாசலில் ஓடும் சாலைக்குக் காந்தி இர்வின் சாலை என்று பெயர் இருப்பதால், கட்டடம் வரைந்தவரை நினைத்து வைத்த பெயர் என்று கருதுவோர் உண்டு. அந்த இர்வின் வேறு. 1931-இல் காந்தியடிகளோடு உடன்படிக்கை செய்துகொண்ட வைசிராய். கட்டட ஒப்பந்தத்தை எடுத்துக் கட்டிமுடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாமிநாதப் பிள்ளை. அவர் பெயரை ஆங்கிலத்தில் சாமிநாடா என்று படிக்கும்படி எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டு உயிர்க்கு நடுவே நம் தகரம் மெலிந்து ஒலிப்பதைச் சரியாகவே கேட்டு, எழுத்தில் கோட்டைவிட்டார்கள். நிலையத்துக்கு முதலில் கிளைவ் பெயரைச் சூட்டினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. எழுமூர் என்னும் பெயர் கிளைவுக்கும் கும்பெனிக்கும் எத்தனையோ நூற்றாண்டு மூத்தது என்பதைத் தவிர அதற்கு மறுமொழி சொல்ல ஒன்றுமில்லை.

பெயரின் வடிவம் இவ்வளவு. அதன் வழக்கு இன்னும் சுவையானது. ஊர்ப்பெயர் நிலையப்பெயராகி, நிலையப்பெயர் திசைப்பெயர் ஆயிற்று. சென்ட்ரலில் அகலப்பாதை, எழும்பூரில் மீட்டர் பாதை என்று இரு வேறு கும்பெனிகளின் தண்டவாளங்கள் பிரிந்து கிடந்த காலத்தில், வடக்கும் மேற்கும் போகிறவர்கள் அங்கே, தெற்கே போகிறவர்கள் இங்கே. திருச்சிக்காரருக்கும் மதுரைக்காரருக்கும் நெல்லைக்காரருக்கும் சென்னை என்றால் முதலில் எக்மோர்தான். எக்மோரில் இறங்கினேன் என்றாலே பட்டணத்துக்கு வந்து சேர்ந்தேன் என்று பொருள். அந்த வழக்குக்கு இசைவாக இங்கிருந்து புறப்படும் வண்டிகளின் பெயர்களும் அமைந்தன: பாண்டியன், பல்லவன், சோழன் என்று மூவேந்தரில் சேரனுக்குப் பதில் பல்லவன் அமர்ந்த புது வரிசை ஒன்று, வைகை, பொதிகை, நெல்லை, மலைக்கோட்டை, முத்துநகர் என்று ஆறும் மலையும் ஊருமாக இன்னொன்று. 1977-இல் வைகை ஓடத் தொடங்கியபின், பகலிலேயே மதுரைக்குப் போய்ச் சேரலாம் என்பது பேச்சாயிற்று. ஊர்ப்பெயரைவிட வண்டிப்பெயரைச் சொல்லியே பயணத்தைக் குறிப்பது இந்த நிலையத்துப் பழக்கம்: பாண்டியனில் வருகிறேன், வைகையில் போகிறேன்.

இங்கிருந்து புறப்பட்ட இன்னொரு வண்டி கடலையே தாண்டச் செய்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், போட் மெயில் தனுஷ்கோடிக்கு ஓடி, அங்கே கப்பலேறியவர்கள் தலைமன்னாரில் இறங்கி மறுபடி தொடர்வண்டி ஏறிக் கொழும்புக்குப் போனார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும்வரை எழும்பூரின் நடைமேடை ஒருவகையில் இலங்கைக்கும் வாசல். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், எழும்பு என்னும் வினை இன்று நாள்தோறும் வாயில் வழங்குவது ஈழத்தில்தான். நாம் எழுந்திரு என்றும் எந்திரி என்றும் சொல்லுமிடத்தில் யாழ்ப்பாணத்தார் எழும்பு என்பார்கள். காலையில் எழும்பிவிட்டேன், கதிரையை விட்டு எழும்பு என்பார்கள். சென்னைக்காரருக்கு வெறும் ஊர்ப்பெயரின் உறுப்பாய்ப் போன அசை, அவ்வண்டியில் வந்திறங்கிய ஒரு யாழ்ப்பாணத்தவருக்குப் பெயர்ப்பலகையிலிருந்து பொருளோடு பேசியிருக்கும்.

நிலையத்துக்குள் இப்போது வேறு சொற்கள் நுழைந்துகொண்டிருக்கின்றன. 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட மறுசீரமைப்புத் திட்டத்தின் மதிப்பு ஏறக்குறைய 735 கோடி ரூபாய். பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டு, காந்தி இர்வின் சாலைப் பக்கம் ஒரு முனையம், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு முனையம், பல அடுக்கு ஊர்தி நிறுத்தங்கள், கடைகள், உணவகங்கள் என்று விரிகிறது. முன்பு உந்துவண்டிகள் நடைமேடையை ஒட்டியே வந்து நின்று ஆளை இறக்கிவிட்ட நிலையம் இது; அப்போது வந்தவர் நேரே பெட்டியில் ஏறினார். இனி வருகிறவர் கடைவரிசையைக் கடந்து போவார். வணிக வளாகம் என்று இதற்குத் தமிழில் பெயரிட்டிருக்கிறோம். வளாகம் வளைந்து சூழ்ந்த இடம். பழந்தமிழில் கடல் சூழ்ந்த உலகத்தையே குறித்த பெருஞ்சொல், இன்று நான்கு மாடிக் கடைத்தொகுதிக்கும் கல்லூரி வெளிக்கும் வந்து நிற்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. சொற்கள் பிழைக்க வேலை செய்தாக வேண்டும். வருத்தம் பாரம்பரியக் கட்டடம் என்று அறிக்கைகளில் எழுதுவதில்தான். மரபு என்னும் மூன்றெழுத்து நம்மிடம் கையருகே இருக்க, ஏழெழுத்துக் கடன் எதற்கு?

வாணிகம் கட்டடத்தோடு நிற்பதில்லை, பெயருக்கும் விலை வைக்கிறது. பெங்களூர் மெட்ரோவில் பயோகான் ஹெப்பகோடி, இன்ஃபோசிஸ் அறக்கட்டளை கோணப்பன அக்ரஹாரம் என்று நிறுவனப் பெயரை முன்னொட்டாய்ச் சுமக்கும் நிலையங்கள் வந்துவிட்டன. சென்ட்ரலுக்கு 2019-இல் அரசியல் தலைவரின் முழுப்பெயர் பட்டங்களோடு சேர்ந்தது; அறிவிப்பில் அது ஒரு மூச்சுக்கு நீள்கிறது, ஆட்டோக்காரரிடம் இன்றும் சென்ட்ரல் என்றாலே போதும். எழும்பூருக்கு இதுவரை யாரும் அடைமொழி கொடுக்கவில்லை. 2018-இல் அடியில் மெட்ரோ வந்தபோதும் எழும்பூர் எழும்பூராகவே இறங்கிப்போயிற்று. பயணச்சீட்டுக் குறியீடு மட்டும் எம்.எஸ். என்று மதராஸின் மகரத்தை இன்னும் வைத்திருக்கிறது. இசை ரசிகர்கள் வேறு நினைத்துக்கொள்ளக் கூடும்.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணை வெளியிட்டது. அதில் எக்மோர் நீங்கி, எழும்பூர் என்று ஆங்கிலத்திலும் ஒலிக்கும்படி ழகரமும் பகரமும் வந்தன. 1693-இல் ஒன்றாய்க் கைமாறிய புரசைவாக்கமும் தண்டையார்ப்பேட்டையும் அந்தப் பட்டியலில் கூடவே இருந்தன. எழுத்துக்கூட்டலைப் பற்றிக் குறைகள் எழுந்ததும், சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கத்தில் நான் அரசோடு உடன்படுகிறேன்; பழவேற்காட்டைப் புலிக்காட் என்று எழுதிக்கொண்டிருக்க நமக்கு ஒரு கட்டாயமும் இல்லை. ஆனால் இந்த ஓர் ஊரில் மட்டும், திருத்தம் பழையதை அழித்துப் புதியதை நாட்டியிருக்கும். எழும்பூர் தமிழில் இருக்கட்டும், எக்மோர் ஆங்கிலத்தில் இருக்கட்டும். புதிய முனையங்களில் விளம்பரப் பலகைகளுக்கு ஒதுக்கும் சுவரில் ஓர் ஓரத்தை மட்டும் கல்லுக்கு விட்டு, அதில் எழுமூர் என்று பொறித்து வைக்கலாம். பொறிப்பவர் பகரம் விட்டுப்போயிற்று என்று எண்ணித் திருத்திவிடாமல் பக்கத்தில் ஒருவர் நிற்பது நல்லது.